இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி... யாருக்கு, எதற்கு?

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாள். கங்கைகொண்ட சோழபுரத்தின் சாலையோரங்களில் கால் வைக்க இடமில்லை. ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, உடையார்பாளையம் எனச் சுற்றுவட்டாரமே பெருவுடையார் கோயில் பக்கம் திரண்டிருந்தது. வேட்டி சட்டையில் வந்த பிரதமர், காரில் நின்றபடி கையசைத்துக்கொண்டே போனார். கூட்டம் அவரைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு சிலர். பிரதமரின் காரை ஒட்டியே நடந்து வந்த எஸ்.பி.ஜி. எனும் சிறப்புப் பாதுகாப்புக் குழு வீரர்கள் அவர்கள். முகத்தில் சலனம் இல்லை. கண்கள் மட்டும் மாடி, மரம், கைப்பை, செல்போன் என ஓடிக்கொண்டே இருந்தன. அவர்கள் நம்பியிருந்த பொருள் உடைக்குள், இடுப்பை ஒட்டி இருந்தது.

1984-ல் இந்திரா காந்தியை அவருடைய காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அதற்கு மறு வருடம் உருவானது எஸ்.பி.ஜி. அதன் கைத்துப்பாக்கி, ஆஸ்திரியா நாட்டு க்ளாக். இன்று கைபேசியைத் திறந்தால், க்ளாக்கையும் அதன் போட்டி நிறுவனங்களின் சிறு பிஸ்டல்களையும் மேசையில் வரிசையாக வைத்து எடை, நீளம், தோட்டா எண்ணிக்கை என்று அலசும் வீடியோக்கள் கொட்டுகின்றன. அமெரிக்காவில் எடுத்த வீடியோவை அரியலூரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் நம் பையன்கள். பார்த்து முடித்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இது நமக்குக் கிடைக்குமா?

க்ளாக் கிடைக்காது. வேறு சில கிடைக்கும். அவை என்ன, யாருக்குக் கிடைக்கும், கிடைத்த பிறகு அந்த வீட்டில் என்னென்ன நடக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்பது மில்லிமீட்டர் என்னும் சுவர்

சிறு பிஸ்டல்களில் உலகம் முழுக்கப் பேசப்படும் பெயர் க்ளாக் 19. 1988-ல் வந்தது. தோட்டா இல்லாமல் 700 கிராமுக்குள் எடை, உள்ளே 15 தோட்டா, சட்டைக்குள் அடங்கும் அளவு. பின்னால் வந்த சிறு பிஸ்டல்கள் பலவும் இதோடு ஒப்பிட்டே விற்கப்படுகின்றன. 2018-ல் வந்த சிக் சாவர் பி365 இன்னும் மெலிந்து, பத்துத் தோட்டாவை உள்ளங்கையளவில் அடக்கிக் காட்டியது.

இவை இரண்டும் 9 மில்லிமீட்டர் தோட்டா. இந்தியாவில் அந்த அளவு பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். ராணுவத்துக்கும் போலீசுக்குமானது. தவிர, வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்யும் கதவும் 1980-களின் நடுவிலேயே சாத்தப்பட்டுவிட்டது. தேர்ந்த துப்பாக்கிச் சுடுதல் வீரர்களுக்கு மட்டும் தனி விதி. ஆகவே லைசென்ஸ் வாங்கும் சாமானியருக்கு எஞ்சுவது பெரும்பாலும் .32, .22 என்ற சிறு அளவுகளே.

.32 பிஸ்டல் தோட்டாவை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் ப்ரௌனிங். 1899-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காகச் செய்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் பிஸ்டல் என்ற எண்ணமே அங்கேதான் பரவலானது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெல்ஜியத்து ப்ரௌனிங் ஒன்று தமிழ்நாட்டு வரலாற்றுக்குள்ளும் வந்துவிட்டது. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ், அவரைச் சுட்ட வாஞ்சிநாதன்.

வேகத்தையும் குண்டின் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால், 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றல் .32 பிஸ்டல் தோட்டாவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வீடியோவில் பார்ப்பதும் இங்கே கடையில் கிடைப்பதும் ஒரே பொருள் அல்ல. லட்ச ரூபாய் எடுத்து வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களில் பலர் இதை அறிந்திருப்பதில்லை.

பெட்டிச் செய்தி: கடையில் என்ன இருக்கிறது?

அஷானி: .32 பிஸ்டல். அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. தட்டையாக இருப்பதால் இடுப்பில் உறுத்தாது.

.32 ரிவால்வர்: பழைய பிரிட்டிஷ் வெப்லி வடிவத்தின் வாரிசு. ஆறு தோட்டா. உருளை இருப்பதால் தடிமன் கூடுதல்.

நிர்பீக்: 2014 ஜனவரியில் கான்பூரில் அறிமுகம். .32, ஆறு தோட்டா, சுமார் 500 கிராம், டைட்டானியம் கலவை. அன்றைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய்.

நிடர்: .22 ரிவால்வர். சுமார் 250 கிராம். நிர்பீக்கில் பாதி எடை.

பிரபல்: 2023 ஆகஸ்ட்டில் வந்தது. .32 ரிவால்வர், சுமார் 675 கிராம். உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடலாம் என்கிறது தயாரிப்பு நிறுவனம்.

கையில் எடுத்தால் தெரிவது

எடையும் நீளமும் பட்டியலில் தெரியும். இயக்கம் தெரியாது. பழைய .32 ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு கொக்கி. அதை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் துப்பாக்கி நடுவில் முறிந்ததுபோல் திறந்துகொள்ளும். திறக்கும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவில் ஒரு தகடு மேலே எழும்பி, ஆறு தோட்டாவின் விளிம்புகளையும் ஒரே நேரத்தில் தூக்கிக் கொடுக்கும். காலியா, நிரம்பியிருக்கிறதா என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும்.

பிஸ்டலில் அப்படியில்லை. அடியில் இருக்கும் மேகசினை உருவிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்காதவரை அது தெரியாது. ‘காலித் துப்பாக்கி’ வெடித்த விபத்துகள் பலவும் இந்த ஒற்றைத் தோட்டாவால் நடந்தவையே. மெலிந்தது, மறைக்க எளிது என்று பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கிறவர் அதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் வாங்க வேண்டியிருக்கிறது. எடுக்கும்போதெல்லாம், யார் கொடுத்தாலும், குழலைப் பார்க்கும் பழக்கம்.

எடைக் குறைவுக்கும் ஒரு விலை உண்டு. துப்பாக்கி லேசாக இருந்தால் சுடும்போது கையில் உதறல் கூடும். குழல் குட்டையானால் குறி தவறும் வாய்ப்பும் கூடும். எஸ்.பி.ஜி. வீரர் சின்ன ஆயுதத்தை நம்பி நிற்பதற்குக் காரணம் ஆயுதம் அல்ல, அவருடைய பயிற்சி. ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாத ஒருவர் கையில் அதே எடை, அதே நீளம் வேறு கணக்கு.

கலெக்டர் ஆபீஸ் வழி

தென்னாட்டில் ஆயுதத்தைப் பொதுமக்களிடமிருந்து பிடுங்கும் வேலை 1801-லேயே தொடங்கிவிட்டது. மருது சகோதரர்களின் கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு, அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து அறிவிப்பு வெளியிட்டார். 1878-ல் ஆயுதச் சட்டம். சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதிய சட்டம், 2016-ல் புதிய விதிகள், 2019-ல் திருத்தம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் விண்ணப்பிக்க வேண்டியது அரியலூர் மாவட்ட ஆட்சியரிடம். பெரம்பலூர்க்காரருக்குப் பெரம்பலூர் ஆட்சியர். போலீஸ் கமிஷனர் இருக்கும் நகரங்களில் கமிஷனர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை, மனநலம் உட்பட மருத்துவச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். எதற்காகத் துப்பாக்கி என்பதற்கு நம்பும்படியான காரணமும் வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

‘மறைத்து எடுத்துச் செல்ல’ என்று நம் நாட்டில் தனி லைசென்ஸ் கிடையாது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது 2016 விதி. எடுத்துக் காட்டி மிரட்டினால் லைசென்ஸ் ரத்து வரை போகும். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அமெரிக்காவில் கதையே வேறு. துப்பாக்கி அங்கே அரசியலமைப்பு தந்த உரிமை. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் அடக்கம் என்று 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-க்குள் 29 மாநிலங்களில், மறைத்து எடுத்துச் செல்ல அனுமதியே வேண்டாம் என்றாகிவிட்டது. அந்தச் சந்தைக்காக எடுத்த வீடியோக்கள்தாம் நம் பையன்களின் கைபேசியில் ஓடுகின்றன. இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அப்படிப்பட்ட அடிப்படை உரிமை அல்ல என்பதை 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் நினைவூட்டியது. உத்தரப் பிரதேச வழக்கொன்றை விசாரித்தபோது, உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்துக் கவலை தெரிவித்த அமர்வு சொன்னது அது.

பெட்டிச் செய்தி: யாரிடம் எத்தனை?

2016 டிசம்பர் இறுதி நிலவரப்படி நாடு முழுக்க துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 33.7 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.7 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 22,500-ஐ ஒட்டி. நம்மைவிட மிகச் சிறிய டெல்லியில்கூட 38,000-க்கு மேல்.

ராமாவரம் தோட்டத்தில் நடந்தது

கைத்துப்பாக்கி வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாட்சி 1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டத்துக்கு எம்.ஆர்.ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் பேசப் போனார்கள். பேச்சு முற்றியது. ராதா சுட்டார். எம்.ஜி.ஆரின் இடது காது அருகே குண்டு பாய்ந்தது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் பழைய குரல் திரும்பவில்லை. கழுத்துக் கட்டோடு அவர் இருந்த படம் சுவரொட்டியாகி ஊர் ஊராகப் போக, அடுத்த மாதத் தேர்தலில் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலையில் வென்றார். முதலில் சுட்டது எம்.ஜி.ஆர்தான் என்பது ராதா தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏழு ஆண்டு தண்டனையை உச்ச நீதிமன்றம் ஐந்தாகக் குறைத்தது.

அரசியலை விலக்கிவிட்டு இந்த நிகழ்வைப் பாருங்கள். திருடன் வரவில்லை, கூலிப்படை வரவில்லை. ஒன்றாக நடித்த இரண்டு பேர், ஓர் அறை, ஒரு வாக்குவாதம். கைக்கெட்டும் தூரத்தில் ரிவால்வர். அது இல்லாதிருந்தால் அன்றைய சண்டை கைகலப்போடு முடிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்துபோனான். அந்தத் துயரம் ஆறுவதற்குள், அடுத்த மாதமே பெரம்பலூர் மாவட்டம் மருதடி ஈச்சங்காட்டில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு குண்டு விழுந்தது. அருகில் இருப்பது நாரணமங்கலம் பயிற்சித் தளம்.

அவை நீண்ட தூரம் பாயும் ரகம். கைத்துப்பாக்கிக் குண்டு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் தெருவில் அவ்வளவு தூரம் தேவையும் இல்லை. பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுட்டபோதே குண்டு ஒரு வீட்டைத் தேடிப் போயிருக்கிறது. ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தில் தற்காப்புக்காகச் சுடும் ஒருவரின் தவறிய குண்டு எங்கே போகும்? அதற்கான பொறுப்பு முழுக்கச் சுட்டவருடையது. தற்காப்பு என்ற வாதம் எதிராளி விஷயத்தில் உதவலாம். குறுக்கே நின்ற பெண்மணி விஷயத்தில் அவ்வளவு எளிதாக உதவாது.

தாக்குதல் எச்சரிக்கையே இல்லாமல் வரும் நேரங்களும் உண்டு. 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பயன்பட்ட பிஸ்டல் பின்னர் எர்ணாகுளத்தில் ஒரு கால்வாயிலிருந்து எடுக்கப்பட்டது. தாக்க வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு வருகிறான். அந்த முதல் இரண்டு நொடியை, எந்த ஒப்பீட்டுப் பட்டியலில் உள்ள எந்தத் துப்பாக்கியும் திருப்பித் தராது.

கைப்பையில் வைத்தால் பாதுகாப்பா?

டெல்லி மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடூரத்தின் அதிர்ச்சி அடங்காத காலத்தில் வந்தது நிர்பீக். பெயரிலேயே அந்த நினைவைச் சுமந்து, பெண்களுக்கான ரிவால்வர் என்று விற்கப்பட்டது. நகைப்பெட்டி போன்ற உறையில் வைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே மகளிர் அமைப்புகள் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. 1.22 லட்சம் ரூபாய் யாரிடம் இருக்கிறது? முந்திரிக் கொல்லைக்கு வேலைக்குப் போகும் ஆண்டிமடத்துப் பெண்ணிடமா, விடியற்காலை பஸ் பிடித்து நூற்பாலைக்குப் போகும் பிள்ளையிடமா?

விலையைவிட ஆழமான சிக்கல் இன்னொன்று. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள், ஆண்டுதோறும். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுப்பவர். கைப்பையில் உள்ள ரிவால்வர் அந்நியனைக் கற்பனை செய்து வாங்கப்படுகிறது. ஆபத்து வருவதோ சாப்பாடு பரிமாறிய கையிலிருந்து. தெருவிளக்கும், இரவில் ஓடும் பஸ்ஸும், புகாரை வாங்கிக்கொள்ளும் காவல் நிலையமும் இந்தப் பெண்களுக்கு நிர்பீக்கைவிடப் பெரிய பாதுகாப்பு. இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பீரோவுக்குள் இருக்கும் ஆபத்து

துப்பாக்கி விவாதத்தில் யாரும் தொட விரும்பாத பகுதி இது. அமெரிக்காவில் 2022-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் 27,000-க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். அதாவது, துப்பாக்கியால் கொலையுண்டவர்களைவிட, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களே அதிகம்.

தற்கொலைகளின் எண்ணிக்கையில் 2022-ல் இந்தியாவில் இரண்டாம் இடத்தில் இருந்தது தமிழ்நாடு. கிட்டத்தட்ட 20,000 உயிர்கள். அரியலூர், பெரம்பலூர் போன்ற விவசாய மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் பணிபுரிகிறவர்களுக்கு இந்தத் துயரம் அன்றாடம். ஆனாலும் அவர்கள் பலரைக் காப்பாற்றி அனுப்புகிறார்கள். 108 ஆம்புலன்ஸ் வருகிறது, மனம் மாறிய ஆள் உதவி கேட்கிறார், மருத்துவருக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. துப்பாக்கி அந்தச் சில மணி நேரத்தைக் கொடுப்பதில்லை. கடன் நெருக்கும் வீட்டில், வாலிபப் பிள்ளை தேர்வில் தவறிய வீட்டில், குடி புகுந்த வீட்டில், பூட்டப்படாத பீரோவில் ஒரு .32 இருப்பதை நினைத்துப் பாருங்கள். மனச்சோர்வில் இருப்பவர்கள் 104 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

22,500 என்ற அந்த எண்ணிக்கையை நம் மாநிலத்தின் பின்தங்கல் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது, நாம் அறியாமலே அனுபவித்துவரும் ஒரு பெரிய சேமிப்பு. அரிவாள் கலாசாரத்தைச் சொல்லி வெட்கப்படுகிறோம், வெட்கப்படத்தான் வேண்டும். அதற்கு மேல் ஒரு துப்பாக்கிக் கலாசாரத்தையும் ஏற்றிக்கொள்ள நமக்கு எந்த அவசியமும் இல்லை.

திருச்சியில் செய்வது

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1960-களில் தொடங்கியது. படைகளுக்கான துப்பாக்கிகள் அதன் முதன்மைத் தொழில். ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தது. பிரபல் ரிவால்வரை விற்பதும் அதே நிறுவனம்தான். வாரியமாக இருந்தவரை, படைகள் கேட்டதைச் செய்து கொடுத்தால் போதும். நிறுவனமான பிறகு விற்பனைக் கணக்கு காட்ட வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் தனியார் ஆலையிலும் வெப்லி பெயரில் .32 தயாராகிறது. விற்பவர்கள் பெருகும்போது விளம்பரமும் பெருகும். அதன் அடுத்த இலக்கு லைசென்ஸ் குறைவாக உள்ள மாநிலங்களாக இருப்பதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது மாநில அரசு.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்கு

தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. வங்கிக் காவலர்கள், போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். முடிவுகள் வந்த பிறகு திரும்பப் பெறுகிறார்கள். பதற்றம் மிகுந்த அந்த வாரங்களில் துப்பாக்கி இல்லாமலே அவர்கள் இருந்துவிடுகிறார்கள் என்பது கவனத்துக்குரியது.

திரும்ப வாங்கப் போகும்போது லைசென்ஸ் தேதியையும் பார்த்துவிடுங்கள். தேதி முடிந்த லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பது, லைசென்ஸே இல்லாமல் வைத்திருப்பதற்குச் சமம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை. இதில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வாரிசுகள். தாத்தாவோ அப்பாவோ இறந்துபோகிறார். காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ரிவால்வரும் ஒரு டப்பா தோட்டாவும். அவரோடு அந்த லைசென்ஸும் முடிந்துவிட்டது. தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தொட்டாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் விதி இடம் தருகிறது. வேண்டாம் என்று நினைத்தால் விற்பனையாளரிடமே விற்றுவிடலாம்.